சி டிரைவில் இடம் இல்லையா? நீக்கும் முன் சற்று நிதானியுங்கள்

சென்ற ஆண்டு ஜூலை மாதம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நெரிசலில், ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். மூன்று ஆண்டுகளுக்கான வைப்புத்தொகை வட்டிச் சான்றிதழ்களும் கணக்கு அறிக்கைகளும் அவருக்கு மீண்டும் தேவைப்பட்டன. காரணம் கேட்டபோது தயக்கத்துடன் சொன்னார். கணினியில் 'சி டிரைவ்' நிரம்பிவிட்டது என்று சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. தற்காலிகக் கோப்புகளை நீக்கும் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்த எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டு நீக்கிவிட்டார். அவற்றுள் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையும் ஒன்று. வங்கி ஆவணங்களை நாங்கள் மறுபடி வழங்கிவிட்டோம். ஆனால் மருத்துவக் காப்பீட்டிற்காக ஸ்கேன் செய்து வைத்திருந்த மருத்துவமனை ரசீதுகளை யார் வழங்குவது? மூலப் பிரதிகள் காப்பீட்டு நிறுவனத்திற்கு முன்பே சென்றுவிட்டன.

நான் வணிகவியல் படித்தவன். கணினிப் பொறியாளன் அல்லன். ஆயினும் இந்தச் சிக்கலை என் வீட்டுக் கணினியிலும் சந்தித்துத் தீர்த்திருப்பதால், அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

விண்டோஸ் இயங்குதளம் குடியிருப்பது பெரும்பாலும் சி டிரைவில்தான். நாம் நிறுவும் மென்பொருள்களும், பதிவிறக்கும் கோப்புகளும் வேறிடம் குறிப்பிடாதவரை அங்கேயே சேர்கின்றன. கடையில் 256 ஜி.பி. என்று விற்கப்படும் வட்டு, கணினியில் ஏறத்தாழ 238 ஜி.பி. என்றே தெரியும். இதில் ஏமாற்று ஏதுமில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார்; விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. இடம் தீர்ந்துவிட்டால் கணினி மந்தமாவது மட்டுமன்று, விண்டோஸின் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நிறுவப்படாமல் நின்றுவிடக்கூடும். இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவோர் இதை அலட்சியப்படுத்தலாகாது.

முதலில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள். விண்டோஸ் விசையுடன் 'ஐ' எழுத்தை அழுத்தினால் 'செட்டிங்ஸ்' திறக்கும். அதில் 'சிஸ்டம்', அதனுள் 'ஸ்டோரேஜ்'. எந்த வகைக் கோப்பு எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்பது அங்கே பட்டியலாகத் தெரியும். கணக்கு அறிக்கையைப் பாராமல் செலவைக் குறைக்க முனைவது போன்றதுதான், இதைப் பாராமல் நீக்கத் தொடங்குவது.

அப்பட்டியலில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறந்தால் பல கட்டங்கள் வரும். தற்காலிகக் கோப்புகள், படங்களின் சிறுவடிவங்கள், புதுப்பிப்புகளின் எச்சங்கள் ஆகியவற்றை அச்சமின்றி நீக்கலாம். 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்று ஒன்று இருந்தால், அது முந்தைய விண்டோஸின் பிரதி; பல ஜி.பி. அளவுக்கு இருக்கும். பெரிய மேம்படுத்தலுக்குப் பின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழக்கமாகப் பத்து நாள் அவகாசம் உண்டு. புதிய பதிப்பு ஒழுங்காக இயங்குகிறது என்று உறுதியான பின் அதை நீக்கலாம். 'ரீசைக்கிள் பின்'னைக் காலி செய்யும் முன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

'டவுன்லோட்ஸ்' என்ற கட்டத்தில் மட்டும் குறியிட வேண்டாம். பெயர் தற்காலிகப் பட்டியலில் இருந்தாலும், உள்ளே இருப்பவை உங்கள் வங்கி அறிக்கைகள், படிவம் 16, காப்பீட்டுப் பத்திரங்கள். அக்கோப்புறையை நீங்களே திறந்து, அளவின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். என் வீட்டில் இடத்தை விழுங்கியிருந்தவை ஆவணங்கள் அல்ல. ஒருமுறை நிறுவியபின் தேவைப்படாத மென்பொருள் கோப்புகளும், உறவினர்கள் அனுப்பிய திருமணக் காணொளிகளும்தான். ஆவணங்கள் பெரும்பாலும் சில நூறு கே.பி. அளவே இருந்தன. அவற்றை நீக்கி மிச்சப்படும் இடம் மிகச் சொற்பம்.

'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்னும் வசதி இப்பணியைத் தானாகச் செய்யும். அதிலும் 'டவுன்லோட்ஸ்' குறித்த தெரிவு 'நெவர்' என்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைப்படங்களை 'டி டிரைவ்'க்கு மாற்றினால் சி டிரைவில் இடம் கிடைக்கும். ஆனால் பல கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் இரு பகுதிகளே. வட்டு பழுதானால் இரண்டும் போகும். ஆகையால் முக்கியமானவற்றின் பிரதியை வெளிப்புற வட்டிலும் வைத்திருங்கள். 'ஒன்டிரைவ்' பயன்படுத்துவோர் கவனிக்க: அக்கோப்புறையில் ஒரு கோப்பை நீக்கினால் இணையச் சேமிப்பிலிருந்தும் அது நீங்கும். இடம் மட்டும் வேண்டுமெனில், கோப்பின்மேல் வலச் சொடுக்கி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தெரிவு செய்க. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எதையும் கையால் நீக்க வேண்டாம்.

இனி ஒரு வங்கி அலுவலனாக. 'உங்கள் கணினி நிரம்பிவிட்டது, உடனே அழையுங்கள்' என்று இணையப் பக்கத்தில் தோன்றும் அறிவிப்புகளை நம்பாதீர்கள். கணினியைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று தொலைபேசியில் பேசும் அந்நியர் சொல்லும் செயலியை நிறுவினால், உங்கள் திரை அவர் கைக்குப் போய்விடும், கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் அதில்தான் தோன்றுகின்றன. அவ்வாறு பணம் பறிபோயிருந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் அப்போதே தெரிவியுங்கள்.