பிரசவத்துக்குச் சரீரத்தைப் பழக்குதல்

● ஏழு மாதம் நிறைந்த கர்ப்பிணி, வைத்தியர் தடை சொல்லாத வரையில், மூச்சிரைக்காத அளவில் தினம் அரைமணி நேரம் நிதானமாக உலாவி வருவது, பிரசவ சிரமத்தைத் தாங்கும் திராணியைச் சரீரத்துக்கு அளிக்கும்.

● சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசைகளை இறுக்கி, 5 விநாடி நிறுத்தி, பிறகு முற்றிலும் தளர்த்தும் அப்பியாசத்தைத் தினம் மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை செய்தல் நலம். குழந்தை வெளிவரும் தருணத்தில் அத்தசைகளைத் தளர்த்தத் தெரிந்திருப்பது பெரும் சகாயம்.

● மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துமாதலால், முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து ஒருக்களித்தே உறங்குக.

● வலியின்போது மூச்சை அடக்காமல், மூக்கால் இழுத்து வாயால் நீளமாக விடும் பழக்கத்தை இப்போதே கைக்கொள்க.

● உதிரப்போக்கு, நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், க்ஷணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க.