நெஞ்சு படபடத்தால் ஈமான் குறைவா?

நெஞ்சு திடீரெனப் படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வயிற்றைப் பிசைகிறது. படுத்தால் உறக்கம் வருவதில்லை. வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால் நாம் என்ன பதில் தருகிறோம்? "தவக்குல் போதாது, ஈமான் பலவீனம்" என்று சொல்லிவிடுகிறோம். அல்லது தாயத்துக் கட்ட ஆள் தேடி ஓடுகிறோம். அவரோ முன்பிருந்த பயத்தோடு, தாம் பாவியாகிவிட்டோமோ என்ற பயத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். இது முறைதானா என்று மார்க்கத்தின் ஒளியில் பார்ப்போம்.

அஞ்சாதவர் யார்?

கைத்தடி பாம்பாக நெளிந்ததும் நபி மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடியதைத் திருமறை கூறுகிறது. ஹிஜ்ரி 5-ம் ஆண்டு அகழ்ப்போரில், பகைவர் சூழ்ந்தபோது இதயங்கள் தொண்டைக்குழிக்கு ஏறிவிட்டதைச் சூரத்துல் அஹ்ஸாப் எடுத்துரைக்கிறது. அங்கே இருந்தவர்களில் ஸஹாபாப் பெருமக்களும் உண்டு. அவர்களுடைய ஈமானைக் குறை சொல்ல நாம் யார்? அச்சம் உடலில் எழுவது குற்றமன்று. அது எழுந்த பின் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

உடலில் நடப்பது என்ன?

இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்ததுபோல் இரு சிறு சுரப்பிகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். ஆபத்து என்று மூளை கண்டதும் அவை அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது, இரத்தம் கை கால்களுக்குப் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் ஏற்பாடு இது. அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1915-ல் இதை விரிவாக எழுதினார். பாம்பைக் கண்டால் இது காப்பாற்றும். ஆனால் கடன், மகளின் திருமணம், வெளிநாட்டிலிருக்கும் கணவரின் வேலை என்று நாள்தோறும் கவலை நீடித்தால், ஓட இடமின்றி உடல் மட்டும் ஓயாமல் ஆயத்தமாகவே நிற்கிறது. களைப்பும் உறக்கமின்மையும் அதன் விளைவே.

அன்னையார் காட்டிய வழி

கி.பி. 610-ல் ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கியபின், நாயகம் (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு இல்லம் திரும்பினார்கள். வஹீயின் கனம் வேறு, நம் கவலைகள் வேறு. ஆயினும் நடுங்கி வந்தவருக்கு அன்று இல்லத்தில் கிடைத்த ஆதரவு நமக்குப் பாடமாகும். முதலில் போர்வை போர்த்தப்பட்டது. நடுக்கம் தணிந்த பின்னர் நடந்ததைச் செவிமடுத்த அன்னை கதீஜா (ரலி) அவர்கள், உறவைப் பேணுவதும் இயலாதார் சுமையைத் தாங்குவதுமான நபியவர்களின் நற்குணங்களை எடுத்துக்கூறி, அல்லாஹ் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். அதன் பின்னர் வேதமறிந்த வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள். முதலில் உடலுக்கு இதம், அடுத்து ஆறுதல் மொழி, பின்னர் அறிந்தவரின் ஆலோசனை. நாமோ இதைத் தலைகீழாக்கி, நடுங்குகிறவருக்கு முதலில் உபதேசம் செய்கிறோம்.

உடலுக்கு இதம்

மூச்சு: மெல்ல வெளிவிடும் நீண்ட மூச்சு இதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது. நபியவர்கள் ஒவ்வோர் ஆயத்தாக நிறுத்தி ஓதியதை அன்னை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். ஃபாத்திஹாவின் ஏழு ஆயத்துகளையும் அவ்வாறே நிறுத்தி ஓதுங்கள். ஏழு நீண்ட மூச்சுகள் கிடைக்கும். அவசர அவசரமாக ஓதித் தொழுபவர் இந்த இதத்தை இழக்கிறார்.

உணவு: துக்க வீட்டில் மற்றப் பெண்கள் கலைந்து நெருங்கியவர்கள் மட்டும் எஞ்சும்போது, தல்பீனா காய்ச்சும்படி அன்னை ஆயிஷா (ரலி) சொல்வார்கள். அது நோயாளியின் இதயத்துக்கு இதமளித்து, துக்கத்தில் சிறிதைப் போக்கும் என்பது நபிமொழி. நோன்புக் கஞ்சி காய்ச்சும் நம் வீடுகளுக்கு இது கடினமன்று. இரண்டு மேசைக்கரண்டி பார்லி மாவை ஒரு தம்ளர் நீரில் கரைத்துச் சிறு தீயில் கிண்டி, வெந்ததும் பாலும் சிறிது தேனும் சேர்த்தால் போதும். நீரிழிவு உள்ளவர்கள் தேனைத் தவிர்க்கட்டும். துக்கத்தில் சிறிது என்ற சொல்லையும் கவனியுங்கள். முழுவதையும் போக்கும் மருந்தென்று யாரும் எண்ண வேண்டாம்.

உறக்கம்: இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபியவர்கள் விரும்பவில்லை. இன்று அந்தப் பேச்சு கைப்பேசிக்குள் புகுந்து நள்ளிரவைத் தாண்டுகிறது. அதை இஷாவோடு மூடிவைப்போம். மாலைக்குப் பின் தேநீரையும் காப்பியையும் குறைப்போம், அவை படபடப்பைக் கூட்டும். பள்ளிவாசலுக்கு நடந்தே செல்வோம்.

ஆறுதலும் ஆலோசனையும்

கி.பி. 934-ல் மறைந்த பல்கு நாட்டு அறிஞர் அபூ ஸைத், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார். துஆக்களை மனனமிடுவதும் அத்தகைய சேமிப்பே. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் நபியவர்களே பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் படபடப்பு நீடித்தால் மருத்துவரைக் காணத் தயங்காதீர்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும்கூட இதே அறிகுறிகளைக் காட்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. மருத்துவர் தந்த மாத்திரையைக் கஞ்சியை நம்பி நிறுத்துவது தவக்குல் ஆகாது. வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி பணித்தவர்கள் நம் நபியவர்கள்.

இனி நம் வீட்டில் ஒருவர், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால், ஈமானை எடைபோடும் தராசை நாம் தூக்க வேண்டாம். அது அல்லாஹ்வின் கையில் இருக்கட்டும். நம் கையில் ஒரு போர்வை இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கல்புகளுக்கு அமைதியையும், நம் இல்லங்களுக்கு அன்னை கதீஜா (ரலி) அவர்களின் கனிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.