கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்

அன்புள்ள தங்கைக்கு,

மனநல டாக்டர் தந்த ரிஸ்பெரிடோன் மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய பிறகு மாதவிலக்கு நின்றுபோனதையும் மார்பில் பால் கசிவதையும் எழுதியிருந்தாய். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூசுகிறது, யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் அம்மா. திடீரென நிறுத்தினால், பாடுபட்டு அடங்கிய நோய் திரும்பிவிடும் ஆபத்து உண்டு.

பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் புரோலாக்டின். மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் அது உற்பத்தியாகிறது. சாதாரண நாட்களில் அதை அளவு மீறாமல் அடக்கி வைப்பது டோபமின். உன் மாத்திரையோ டோபமின் வேலைசெய்யும் இடங்களை மறிக்கிறது. காதில் கேட்ட குரல்கள் ஓய்ந்ததும் அந்த மறிப்பால்தான். பிட்யூட்டரியிலும் அதே மறிப்பு ஏற்படுவதால் புரோலாக்டின் ஏறிவிடுகிறது. அதனால் கருமுட்டை முதிர்வது தடைபட்டு மாதவிலக்கு நிற்கிறது. ஆண்களுக்கும் இப்படிப் புரோலாக்டின் ஏறும். ஆசை குறையும், விறைப்பு குறையும், சிலருக்கு மார்பு பெருக்கும். அவர்கள் உன்னைவிடவும் குறைவாகவே வாய் திறப்பார்கள்.

இப்படி நேரலாம் என்று முதல் நாளே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது மருத்துவம் பார்த்தவர்களின் குறை. உன் நடத்தையை யாரும் சந்தேகிக்க இதில் இடமே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் பெண்களுக்குப் புரோலாக்டின் பொதுவாக மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குள் இருக்கும். ஊசிக்குப் பயந்தால்கூடச் சற்று ஏறும் என்பதால், லேசான உயர்வென்றால் மறுபடி பார்ப்பார்கள். தைராய்டு, கர்ப்பப் பரிசோதனைகளும் வழக்கமானவை. வாந்திக்குத் தரும் டோம்பெரிடோனும் புரோலாக்டினை ஏற்றும், சாப்பிட்டிருந்தால் சொல். அளவு மிக அதிகமென்றால் பிட்யூட்டரியில் கட்டி உண்டா என்று ஸ்கேன் எடுப்பார்கள்.

வழிகள் இருக்கின்றன. மருந்தின் அளவைக் குறைக்கலாம்; புரோலாக்டினை அவ்வளவாக ஏற்றாத குவெட்டியாபைன் போன்றதற்கு மாற்றலாம்; அரிப்பிப்ரசோல் சேர்த்தால் ஏறியது பெரும்பாலும் இறங்கும். எது உனக்குப் பொருந்தும் என்பதை மனநல டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்காகப் பேசாமல் பொறுத்துக்கொண்டும் இருந்துவிடாதே. மாதவிலக்கு நீண்டகாலம் நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேயும்.

கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, பால் கசியத் தொடங்கிய நாள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர் இவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொள். அடுத்த முறை வரை காத்திராமல் இந்த வாரமே போ. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தச் சீட்டையே டாக்டரிடம் நீட்டு.

அன்புடன்,
அக்கா