மூன்று சுற்று, ஆறு பேர், ஒரு துண்டு

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். மூன்று முறை சுற்றினால் 42. மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு ஒரு தெரு நீளம்தான் பாக்கி. ஆறு நண்பர்கள் ஆளுக்கு அரைச்சுற்று எடுத்துக்கொண்டால் தலைக்கு 7 கிலோமீட்டர் வரும். வாரத்தில் மூன்று நாள் ஓடிப் பழகிய யாருக்கும் அது பெரிய தூரமில்லை.

ஆனாலும் பல குழுக்கள் சொதப்புகின்றன. ஓட முடியாமல் நின்றுபோகிறவர்கள் குறைவு. கைமாற்றும் இடத்தில்தான் காரியம் கெடுகிறது. ஓடி வந்தவர் மூச்சிரைக்க நிற்பார். வாங்கவேண்டியவர் டீக்கடையில் இருப்பார், அல்லது ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பார், அல்லது எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றபடி வருகிறவர் தன் ஆளா என்று இருட்டில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பது நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடியவருக்கு அங்கே மனசு விட்டுப்போகும். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்குமேல் அந்தக் கைமாற்றத்துக்கே.

பள்ளிக்கூட மைதானத்தில் இதைத் தொடரோட்டம் என்பார்கள். அஞ்சல் ஓட்டம் என்றும் பெயருண்டு. ஜப்பானியர்களின் நெடுந்தூரத் தொடரோட்டமான ‘எகிடன்’ என்ற பெயரும் பழைய அஞ்சல் நிலையங்களிலிருந்து வந்ததுதான். முதல் எகிடன் 1917 ஏப்ரலில் நடந்தது. கியோட்டோவிலிருந்து டோக்கியோவரை 508 கிலோமீட்டர். 23 கட்டங்களாகப் பிரித்து இரவு பகலாக மூன்று நாள் ஓடினார்கள். அங்கே குச்சி கிடையாது. ‘தசுகி’ என்ற துணிப்பட்டையைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஓடி, அதைத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். நம் குழுவுக்கும் குச்சி வேண்டாம். மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று போதும். 7 கிலோமீட்டர் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் தோள்பட்டை இறுகிவிடும். துண்டு என்றால் இரண்டு கையும் காலி, வியர்வையும் துடைக்கலாம். நிறம் வெள்ளை அல்லது மஞ்சளாக இருக்கட்டும், இருட்டில் தெரியவேண்டும்.

முதலில் நாள் குறிப்பது. பௌர்ணமியன்று லட்சக்கணக்கானவர்கள் மலையைச் சுற்றுகிறார்கள், அன்று ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களும் மாட்டுப்பொங்கலை ஒட்டிய திருவூடல் நாட்களும் வேண்டாம். அந்த இரண்டு சமயங்களில் அருணாசலேஸ்வரரே கிரிவலம் வருகிறார். அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்கக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் தேய்பிறை அஷ்டமியே தோது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சரிபாதியில் வரும் நாள் அது. அன்று பாதி நிலா நள்ளிரவு வாக்கில் எழுந்து விடியும்வரை வானத்தில் இருக்கும். வளர்பிறை அஷ்டமியில் நிலா நள்ளிரவோடு இறங்கிவிடும், பயனில்லை. தையிலோ மாசியிலோ இப்படி ஒரு சனி, ஞாயிறு அமைந்தால் விடக்கூடாது.

நேரம் அதிகாலை 2.30. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடும் குழு என்றால் அரைச்சுற்றுக்கு 42 நிமிடம், ஆறு பேருக்கு 4 மணி 12 நிமிடம், 6.42க்கு முடியும். 7 நிமிடம் எடுக்கும் குழுவுக்கு 4 மணி 54 நிமிடம் பிடிக்கும், அவர்கள் 2 மணிக்கே புறப்பட வேண்டும். ‘நாலு மணிக்குக் கிளம்பலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். கடைசி இரண்டு பேர் வெயிலிலும் பேருந்துகளுக்கு நடுவிலும் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது கைமாற்றும் இடங்கள். ராஜகோபுர வாசலில் தொடங்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு வரலாம், ஓட்டத்தை அங்கே தொடங்கக்கூடாது. ஆட்டோ, பூக்கடை, வெளியூர் வேன் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள இடம் அது. எட்டு லிங்கங்களைக் கணக்கு வைத்துப் பிரிப்பதும் சரிவராது. இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என்று எட்டும் திசைக்கு ஒன்றாக இருக்கின்றனவே தவிர, இடைவெளி சமமில்லை.

நல்ல வழி இது. கோயிலிலிருந்து செங்கம் சாலையில் போனால் சுமார் 2 கிலோமீட்டரில் ரமணாசிரமம். அதையும் யம லிங்கத்தையும் தாண்டிக் கிரிவலப் பாதை நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்துக்குள் நூறடி தள்ளி முதல் இடம். அங்கிருந்து பைக் மீட்டரில் 7 கிலோமீட்டர் அளந்தால் குபேர லிங்கத்துக்கு அக்கம்பக்கத்தில் வரும் இடம் இரண்டாவது. மொத்த ஓட்டத்துக்கும் இந்த இரண்டு இடம் போதும். ஒன்று, மூன்று, ஐந்தாம் ஆட்கள் திருப்பத்திலிருந்து புறப்படுவார்கள். இரண்டு, நான்கு, ஆறாம் ஆட்கள் குபேர லிங்கத்தருகே காத்திருப்பார்கள். கார் வைத்துக்கொண்டு ஓடுபவர் பின்னால் துரத்தும் வேலை இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஏறக்குறைய எல்லோரும் கோட்டைவிடுவது: பை. திருப்பத்தில் புறப்படும் மூவரும் ஓடி முடிப்பது குபேர லிங்கத்தருகே. அவர்களுடைய மாற்றுச் சட்டை, செருப்பு, போர்வை, பணம், லாட்ஜ் சாவி எல்லாம் அங்கே இருக்கவேண்டும். மற்ற மூவரின் பைகள் திருப்பத்துக்கு வரவேண்டும். ஓட்டத்துக்கு முன்பே பைகளை இடம் மாற்றிவிடாவிட்டால், நனைந்த பனியனோடு தை மாதப் பனியில் ஒரு மணி நேரம் நடுங்க நேரிடும்.

இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி இருக்காது. திருப்பத்திலிருந்து அடி அண்ணாமலை வழியாகப் போகும் பாதியில் வலப்பக்கம் மலையும் காட்டு மரங்களும். அமைதியான சாலை. துணைக்கு ஆள் இல்லாமல் ஒரே சீராக ஓடக்கூடியவருக்கு அது ஏற்றது. குபேர லிங்கத்திலிருந்து ஈசானிய லிங்கம், ஊர், ராஜகோபுரம், செங்கம் சாலை என்று வரும் பாதியில் வெளிச்சம் உண்டு, வண்டிகளும் உண்டு. செங்கம் சாலை கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலையின் பகுதி. இரவிலும் பேருந்து, லாரி நிற்பதில்லை. வேகமானவரைவிட நிதானமானவரை அங்கே ஓடவிட வேண்டும். குறிப்பாக ஆறாம் ஆள் விடிந்த பிறகு ஊருக்குள் நுழைவார். பால் வண்டிக்கும் பள்ளத்துக்கும் ஒதுங்கி, அதற்காகக் கோபப்படாமல் ஓடுகிறவர் யாரோ அவர்தான் ஆறாம் ஆள். புதியவரை மூன்றாவதாக வைத்தால் பயம் குறையும். ஆரம்பத்தின் பரபரப்பும் முடிவின் அவசரமும் அவர் தலையில் விழாது.

இனி கைமாற்றம். காத்திருப்பவருக்கு முதல் எதிரி தூக்கம். நான்காம், ஐந்தாம் ஆட்களுக்கு இரண்டு, மூன்று மணி நேரக் காத்திருப்பு இருக்கிறது. அதுவரை தூங்கட்டும், தப்பில்லை. ஆனால் கைமாற்றத்துக்கு 25 நிமிடம் முன்பு எழுந்தே ஆகவேண்டும். 20 நிமிடம் இருக்கும்போது ஷூ, சிறுநீர் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். 12 நிமிடம் இருக்கும்போது மெல்லோட்டம், அந்த இடத்தைச் சுற்றியே. கடைசி 4 நிமிடம் போர்வையைக் கொடுத்துவிட்டு நின்ற இடத்தில் காலை உதறிக்கொண்டிருக்கலாம். இந்த நேரக் கணக்கைச் செல்போனில் வைத்தால் யாரும் பார்ப்பதில்லை. ஆறு பேரின் உத்தேச நேரத்தையும் ஓர் அட்டையில் பேனாவால் எழுதி இரண்டு இடத்திலும் ஒட்டவேண்டும். பகலில் 42 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு இரவில் 45 என்று எழுதுவது நல்லது. ஆனால் காத்திருப்பவர் 42க்கே தயாராக நிற்கவேண்டும்.

அட்டை இருந்தாலும் ஓடுகிறவர் இப்போது எங்கே வருகிறார் என்று தெரிய வேண்டுமே. அதற்கு ஒரு சைக்கிள். குழுவில் ஏழாவதாக ஒருவரைச் சேர்த்து, ஓடுபவருக்கு இருபதடி பின்னால் சைக்கிளில் வரச்சொல்ல வேண்டும். பின்பக்கம் சிவப்பு விளக்கு கட்டாயம். கடைசிக் கிலோமீட்டர் வந்ததும் அவர் ஓடுபவரைத் தாண்டி முன்னே போய், காத்திருப்பவரிடம் ‘இதோ வர்றான்’ என்று சொல்லிவிடுவார். இந்த ஒரே ஏற்பாட்டில் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். பைக் வேண்டாம். சத்தமும் புகையும் ஓடுபவருக்கும் ஆகாது, நடைபாதையில் படுத்திருக்கும் சாதுக்களுக்கும் ஆகாது.

நிற்கும் இடத்தையும் விளக்குக் கம்பத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கம்பத்தடியில் நிற்கக்கூடாது. கம்பத்தைத் தாண்டி இருபதடி தள்ளி நின்றால், வருகிறவர் வெளிச்சத்தைக் கடக்கும்போது அவர் முகம் தெளிவாகத் தெரியும். வருகிறவர் தலையில் விளக்கு கட்டியிருந்தால் கடைசி 50 அடியில் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவருக்குக் கண் கூசி ஒன்றும் தெரியாது. கைமாற்றம் எப்போதும் சாலையின் இடது ஓரத்தில். யாரும் சாலையைக் குறுக்கே கடக்கக்கூடாது.

துண்டை எப்படிக் கொடுப்பது? 200 மீட்டர் இருக்கும்போதே தோளிலிருந்து கழற்றிவிட வேண்டும். வியர்வையில் ஊறிய துண்டு முறுக்கிக்கொள்ளும், நின்றபின் பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து நெஞ்சுக்கு நேரே இழுத்து நீட்டியபடி வரவேண்டும். வாங்குகிறவர் இரண்டு மூன்று அடி ஓடத் தொடங்கியபடியே ஒரு கையால் நடுவில் பற்றுவார். கொடுத்தவர் உடனே விட்டுவிட வேண்டும். வாங்கியவர் தலைவழியாக மாட்டி, தொங்கும் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். முடிச்சு ஏற்கெனவே போட்டிருக்கவேண்டும். ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் பொருந்துமாறு கொஞ்சம் தளர்வாக. 4×100 மீட்டர் வீரர்கள் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக் குச்சி வாங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அதுபோலச் செய்ய நினைக்கவேண்டாம். அவர்களுக்கு 30 மீட்டர் எல்லைக்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கை மிச்சம்பிடிக்கும் அவசரம். இங்கே முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி வாங்கவேண்டும். இதை மொட்டைமாடியில் பத்து முறை பழகிவிட்டு வந்தால் போதும்.

துண்டு வாங்கியதும் வரும் ஆபத்து, முதல் கிலோமீட்டர் வேகம். காத்திருந்த தவிப்பெல்லாம் காலில் இறங்கிப் பறக்கச்சொல்லும். வழக்கத்தைவிட 20 நொடி மெதுவாக ஓடவேண்டிய கிலோமீட்டர் அது. சைக்கிள்காரர் அங்கே கண்டிப்பு காட்டலாம்.

அந்த ஏழாம் ஆளை வெறும் துணையாக நினைக்கக்கூடாது. 2024 மே மாதம் பஹாமாஸின் நசாவில் நடந்த உலகத் தொடரோட்டப் போட்டியில் இந்திய ஆண்கள் 4×400 அணியின் இரண்டாவது ஓட்டக்காரர் ராஜேஷ் ரமேஷ் தசைப்பிடிப்பால் பாதியில் நிற்கவேண்டி வந்தது. முந்தைய ஆண்டு புடாபெஸ்டில் 2 நிமிடம் 59.05 நொடியில் ஆசிய சாதனை படைத்த அணியின் கடைசி ஓட்டக்காரர் அவர். மறுநாள் அவர் இடத்தில் இறங்கியவர் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். 3 நிமிடம் 03.23 நொடியில் இரண்டாவதாக வந்து அணி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கால் பிடிப்பது யாருக்கும் வரும். நம் ஓட்டத்தில் அப்படி நேர்ந்தால் சைக்கிள்காரர் துண்டை வாங்கிக்கொண்டு ஓடவேண்டும். ஆகவே அவரும் ஷூவோடும் பயிற்சியோடும் வந்தவராக இருக்கவேண்டும். நின்றவர் சைக்கிளோடு அங்கேயே உட்கார்ந்து, ஆட்டோவுக்கோ நண்பருக்கோ போன் செய்யட்டும்.

வெயிலைப் பற்றி ஒரு கதை. ஜப்பானின் புகழ்பெற்ற ஹகோனே எகிடன் 1920-இல் தொடங்குவதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் கனகுரி ஷிசோ. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெக்கை தாங்காமல் ஓட்டத்தைப் பாதியில் விட்டவர் அவர். அதே ஓட்டத்தில் போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ சரிந்து விழுந்து, பிறகு இறந்துபோனார். கனகுரி நடுவர்களிடம் சொல்லாமலே ஊர் திரும்பிவிட்டார்; 1967-இல் ஸ்வீடன் அவரை அழைத்து மிச்சத்தை முடிக்கவைத்தபோது அவருடைய நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள் சொச்சம். அது ஸ்வீடன் வெயில், இது வட தமிழ்நாடு. மாசி முடிந்துவிட்டால் இந்த ஓட்டத்தை அடுத்த தை மாதத்துக்குத் தள்ளிவைப்பதுதான் சரி. தலை சுற்றல், குளிர் நடுக்கம், பேச்சில் குழறல் என எது வந்தாலும் அந்த ஆள் அங்கேயே நிற்கவேண்டும். ஓட்டத்தை முடிக்கவேண்டும் என்று யாரும் வற்புறுத்தக்கூடாது.

சாப்பாடு எளிது. முந்தைய இரவு 8 மணிக்குள் இட்லி, ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழம். இரண்டு இடத்திலும் தண்ணீர்க் கேனும், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும்.

இந்தச் சாலை ஓடுபவர்களுக்காகப் போட்டது அல்ல. எல்லா இரவுகளிலும் யாராவது வெறுங்காலோடு மலையைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மலையை வலப்பக்கம் வைத்து, இடது ஓரமாக நடப்பது அவர்கள் வழக்கம். ஓடுபவரும் அதே திசையில்தான் ஓடவேண்டும், அவர்களைத் தாண்டும்போது சாலைப்பக்கம் ஒதுங்கித் தாண்டவேண்டும். விசில், கைதட்டல், பாட்டுப்பெட்டி எதுவும் வேண்டாம். கண்ணாடிப் பாட்டில் கொண்டுவரவே கூடாது, உடைந்தால் அடுத்த வெறுங்காலில்தான் ஏறும். வேண்டுதல் இருக்கும் நண்பர் முந்தைய நாளோ அடுத்த வாரமோ செருப்பில்லாமல் நடந்து நிறைவேற்றட்டும். ஓட்டத்துக்கு ஷூ போட்டே ஆகவேண்டும். பேனர், மைக், பத்து இருபது குழு என்று போனால் காவல்துறை அனுமதி இல்லாமல் முடியாது. ஏழு நண்பர்கள் மட்டும் ஓடினாலும் முந்தைய நாள் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

ஆறாம் ஆள் செங்கம் சாலைத் திருப்பத்தில் வந்து முடிக்கும்போது ஓடி முடித்த மூவர் இன்னும் குபேர லிங்கத்தருகே இருப்பார்கள். ஆறாம் ஆள் துண்டு வாங்கிக்கொண்டு கிளம்பியதுமே அட்டையைக் கிழித்து, தண்ணீர்க் கேனையும் காலி டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு அவர்கள் ஒரு ஆட்டோ பிடித்துவிட வேண்டும். அப்போதுதான் முடிவில் ஏழு பேரும் இருப்பார்கள்.