நுரை குறைந்தால் அழுக்குப் போகாதா?

சென்ற பருவத்தில் விடுதியில் ஒரு சனிக்கிழமை காலை. ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, சிக்கெடுக்க முடியாமல் பின்னலையே வெட்டிவிடப் போவதாகக் கூறி அழுதுகொண்டிருந்தாள். ஷாம்பு வாங்கக் கையில் காசில்லாததால் உடம்புக்குத் தேய்க்கும் சோப்பையே தலைக்கும் தேய்த்து வந்திருக்கிறாள். "சீயக்காய் தேய்க்கக் கூடாதா?" என்றோம். "அது நுரைக்காதே அக்கா, அழுக்கு எப்படிப் போகும்?" என்றாள். எங்களுக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை. மனையியல் வகுப்பில் சோதித்துப் பார்த்தோம்.

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் விடுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்தோம். ஒன்றில் சோப்பைச் சீவிப் போட்டோம். மற்றதில் சீயக்காய் கொதிக்கவைத்து வடித்த நீரை ஊற்றினோம். இரண்டையும் நன்கு குலுக்கினோம். சோப்புப் புட்டியில் பால் திரிந்தாற்போல் வெள்ளைத் திட்டுகள் மிதந்தன. கடினநீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து இப்படித் திரிகின்றன. தங்கையின் தலையில் படிந்து முடியைப் பிசுபிசுக்க வைத்ததும் இதுவே. சீயக்காய் நீர் திரியவில்லை. மேலே மெல்லிய நுரைகூட நின்றது!

சீயக்காயில் சப்போனின் என்னும் பொருள் இருக்கிறது. அதன் ஒரு பகுதி எண்ணெயைப் பற்றும். மறு பகுதி நீரை நாடும். ஆகவே நீர் ஊற்றும்போது எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து போகின்றன. நுரை வேறு, அழுக்குப் போவது வேறு. எண்ணெய் மிகுந்த தலையில் ஷாம்புவும் முதல் தடவை சரியாக நுரைப்பதில்லை என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஷாம்புவும் கடினநீரில் சோப்பைப் போல் திரிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு பொடி தயாரித்தோம். சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், காய்ந்த செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி. இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, சீயக்காய் அரைக்கும் மில்லில் கொடுத்து அரைத்தோம். அன்று தும்மாதவர் எவருமில்லை. சமையற்கட்டு அம்மா எங்களை வாசலுக்கே விரட்டிவிட்டார். பொடியைச் சலித்து வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் முடி வழுவழுவென்று இருக்கும். சீயக்காய் கிடைக்காத வீடுகளில் உசிலை இலையைக் காயவைத்து இடித்த அரப்பு போதும்.

குறைகளும் உண்டு. கண்ணில் பட்டால் எரிச்சல் பொறுக்க முடியாது. எங்களுள் ஒருத்தி கண் சிவந்து வகுப்புக்கு வந்தாள். பொடி முடியில் தங்கிவிடுவதால் தண்ணீரும் நேரமும் அதிகம் செல்லும். பள்ளி நாட்களில் இது நடவாது. காய்களை இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து வடித்துக்கொண்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். வடித்த நீரை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் புளித்து நாறும். சீயக்காய் பேனை ஒழிக்கும், வழுக்கையில் முடி வளர்க்கும் என்றெல்லாம் சொல்லுவதை நாங்கள் நம்பவில்லை. சமையல் சோடாவைத் தலையில் தேய்ப்பதும் வேண்டாம். அதன் காரத்தன்மை முடியைச் சொரசொரப்பாக்கும்.

அந்தத் தங்கைக்கு முதலில் ஒரு செம்பு நீரில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து அலசி, படிந்த சோப்பைப் போக்கினோம். பிறகு வாரந்தோறும் வடித்த சீயக்காய் நீர்தான். மூன்றாவது சனிக்கிழமை சீப்பு தடையின்றி இறங்கியது. பின்னல் தப்பியது. வாசனை மட்டும் பிடிக்கவில்லை என்கிறாள்.