ஊர் மன்றங்கள் போடும் ஓட்டு

நகராட்சிக் கூட்டம் எப்படி நடக்கும்? ஒரு கவுன்சிலர் எழுந்து ஒரு கோரிக்கையைச் சொல்வார். அது முன்மொழிதல். இன்னொருவர் அதை ஆதரிப்பார். அது வழிமொழிதல். பிறகு பேச்சு நடக்கும். சில நாள் சண்டையும் நடக்கும். கடைசியில் ஓட்டு. அதிகம் பேர் சம்மதித்தால் கோரிக்கை தீர்மானம் ஆகிவிடும்.

இது ஓர் ஊரின் காரியம். நாடு முழுவதும் உள்ள ஊர்களின் கவுன்சிலர்கள் ஒரே இடத்தில் கூடி ஓட்டுப் போட்டால்? ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு மாநாடு நடக்கிறது.

ஆஸ்திரேலியா பரந்த நாடு. பரப்பில் இந்தியாவைவிட இரண்டு மடங்கு பெரியது. மக்களோ மூன்று கோடிக்கும் குறைவு. அங்கே 500க்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் இருக்கின்றன. சாலை போடுவது, குப்பை அள்ளுவது, நூலகம் நடத்துவது எல்லாம் அவற்றின் வேலை. நாட்டின் சாலைகளில் நான்கில் மூன்று பங்கு இந்த மன்றங்களின் பொறுப்பில்தான் இருக்கிறது. வேலை அதிகம், வருமானம் குறைவு. நம் ஊர்க் கதைதான்.

இந்த மன்றங்களுக்கு ஒரு தேசியச் சங்கம் உண்டு. அது 1947இல் தொடங்கியது. 1994 முதல் அந்தச் சங்கம், பெரும்பாலும் தலைநகர் கான்பெராவில், மாநாடு நடத்துகிறது.

ஒரு சிறிய ஊரில் பாலம் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லாரி போக முடியவில்லை. "எங்கள் ஊர்ப் பாலத்தைக் கட்டிக் கொடுங்கள்" என்று மாநாட்டில் கேட்கலாமா? கேட்க முடியாது. கோரிக்கை நாடு முழுவதற்கும் பொருந்த வேண்டும். "கிராமப் பாலங்களைச் சரி செய்ய மத்திய அரசு பணம் ஒதுக்க வேண்டும்" என்று கேட்கலாம். அதையும் முதலில் சொந்த ஊர் மன்றத்தில் வைத்து, ஒப்புதல் வாங்க வேண்டும். தலைவர் தாமாக எழுதி அனுப்பிவிட முடியாது.

மாநாட்டில் ஒரு மன்றத்துக்கு ஒரு ஓட்டு. பிரிஸ்பேன் பெரிய நகரம். அங்கே 12 லட்சத்துக்கும் மேல் மக்கள். உள்நாட்டில் சில நூறு பேர் மட்டும் வாழும் ஊர்களும் உண்டு. இரண்டுக்கும் அதே ஒரு ஓட்டுத்தான். இது நியாயமா என்று கேட்கத் தோன்றும். பெரிய நகரத்தின் மேயர் அமைச்சரைப் பார்க்க வேறு வழிகள் இருக்கும். சின்ன ஊருக்கு இந்த ஒரு மேடைதான். அந்த வகையில் இது நியாயம்தான்.

சரி, தீர்மானம் நிறைவேறிவிட்டது. அடுத்து என்ன? அது சட்டம் ஆகாது. சங்கம் அதை அமைச்சருக்கு எழுதி அனுப்பும். அமைச்சர் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் எழுதலாம். இந்தப் பதில் நமக்கும் பழக்கமானதுதான்!

பண விஷயத்தைப் பாருங்கள். மத்திய அரசு தன் வரிப் பணத்தில் ஒரு பங்கை ஊர் மன்றங்களுக்குத் தருகிறது. 1996இல் நூறு டாலர் வரிக்கு ஏறக்குறைய ஒரு டாலர் வந்தது. பிறகு அது பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. பழையபடி ஒரு டாலர் தர வேண்டும் என்று மன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்டன. அது கிடைக்கவில்லை. 2014இல் அரசு இன்னொன்றும் செய்தது. விலைவாசிக்கு ஏற்ப நிதியை உயர்த்துவதை மூன்று ஆண்டுகள் நிறுத்தியது. மன்றங்கள் ஒன்றாக எதிர்த்தன. 2017இல் உயர்வு மீண்டும் வந்தது. சாலைப் பணமும் கூடியது. ஆண்டுக்கு 50 கோடி டாலராக இருந்ததைப் படிப்படியாக 100 கோடி ஆக்குவதாக 2023 நவம்பரில் அரசு அறிவித்தது. ஒரு முறை கேட்டதும் கிடைத்தது இல்லை இது.

இன்னொரு கோரிக்கை இன்றும் நிறைவேறவில்லை. ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி பற்றி ஒரு சொல்கூட இல்லை. மாநில அரசு நினைத்தால் மன்றங்களைக் கலைக்கலாம், இணைக்கலாம். விக்டோரியா மாநிலத்தில் 1990களில் 210 மன்றங்களை 78 ஆக்கினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் வீட்டுக்குப் போனார்கள். அரசு நியமித்த ஆணையர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

எனவே அரசியல் சட்டத்தில் இடம் வேண்டும் என்று மன்றங்கள் கேட்டன. அதற்கு நாட்டு மக்கள் எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும். 1974இல் மத்திய அரசு ஊர் மன்றங்களுக்கு நேரடியாகப் பணம் தர வழி கேட்டு ஓட்டு நடந்தது. தோற்றது. 1988இல் அரசியல் சட்டத்தில் இடம் கேட்டார்கள். நூறு பேரில் 34 பேர்தான் சரி என்றார்கள். 2013இல் மறுபடி ஓட்டு நடக்க இருந்தது. பொதுத் தேர்தல் தேதி மாறியதால் நடக்காமலே போனது.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் இருக்கின்றன. இரண்டும் 1993இல் அமலுக்கு வந்தன. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது. இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆஸ்திரேலியக் கவுன்சிலர்கள் கேட்டும் கிடைக்காதது இது. ஆனால் எழுதியிருப்பது வேறு, நடப்பது வேறு. மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் இல்லாமல், அதிகாரியே நிர்வாகம் செய்தார்.

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி கடைசியாக நிறைவேற்றிய தீர்மானம் எது? அதை எங்கே போய்ப் படிக்கலாம்?

மாநாட்டில் பெரிய நகரத்துக்கும் சின்ன ஊருக்கும் ஒரே ஓட்டு. இது சரியா? ஏன்?

உங்கள் ஊரின் ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊருக்கும் பொருந்தும்படி அதை இரண்டு வரியில் கோரிக்கையாக எழுதுங்கள்.