பச்சைத் தேநீர் கசப்பது ஏன்?

கோடம்பாக்கத்துத் தேநீர்க் கடைகளில் தேயிலைத் தூளைத் துணி வடிகட்டியில் இட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டுச் சாறு இறக்குவார்கள். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் அது நன்றாகவே இருக்கிறது. அதே கொதிநீரைச் சீனத்துப் பச்சைத் தேயிலையின்மீது ஊற்றிப் பாருங்கள். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிக்கும். குற்றம் இலையினுடையதன்று, வெந்நீரினுடையது.

இரண்டும் கமெலியா சைனென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலைகளே. கறுப்புத் தேயிலை செய்ய இலையைக் கசக்குகிறார்கள். உடனே இலையிலுள்ள ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு பாலிஃபீனால் என்னும் பொருள்களை மாற்றுகிறது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இவ்விதமே. சீனாவில் ஹாங்சோ நகரின் மேற்கு ஏரிப் பக்கம் விளையும் லோங்ஜிங் தேயிலையையோ, சூடான இரும்புச் சட்டியில் கையால் அழுத்தி வறுக்கிறார்கள். சூட்டில் நொதி செயலிழக்கிறது. இலை தட்டையாகி, பசுமையும் நிற்கிறது.

இவ்வாறு மாறாமல் தங்கும் பாலிஃபீனால்களுள் முக்கியமானவை கேட்டிகின்கள். கசப்பும் துவர்ப்பும் இவற்றால் வருபவை. நீர் எவ்வளவு சூடோ அவ்வளவு மிகுதியாக இவை கரைந்து இறங்கும். 1949-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட தியானைன் என்னும் அமினோ அமிலம் சூடு குறைந்த நீரிலும் நன்கு கரையும். தேநீரின் மென்மையான சுவையில் இதற்குப் பங்குண்டு. ஆகவேதான் 80° செ. அளவில் ஆறிய நீரே போதும் என்கிறார்கள்.

துவர்ப்பை நாம் அறுசுவைகளுள் ஒன்றாக எண்ணுகிறோம். ஆனால் அது பெரிதும் தொடுவுணர்ச்சியைச் சேர்ந்தது. பாலிஃபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்ள, வழவழப்பு குறைந்து நாக்கு சொரசொரக்கிறது. கடைத் தேநீரில் பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பற்றிவிடுகிறது. கடைக்காரர் செய்வதும் நல்ல வேதியியலே!

நீங்களே சோதித்துப் பாருங்கள். லோங்ஜிங் கிடைக்காவிட்டால் நீலகிரியின் பச்சைத் தேயிலை போதும். இரண்டு டம்ளர்களில் 2 கிராம் வீதம் இலை இடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஒன்றில் கொதிநீரும் மற்றதில் 80° நீருமாக 100 மி.லி. ஊற்றி, 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள். முதலில் நிறம், பிறகு மணம். குடிக்கும் சூட்டுக்கு வந்ததும், காற்றோடு சேர்த்துச் சற்றே சத்தமாக உறிஞ்சுங்கள் (இன்றைக்கு மட்டும் யாரும் கோபிக்கமாட்டார்கள்). மணம் தொண்டை வழியாக மூக்கை எட்டுவதற்கே இந்த ஓசை.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் வேண்டாம். சென்னையில் பல இடங்களில் அது கடின நீர். அதிலுள்ள கால்சியம் தேநீரின்மேல் ஆடைபோலப் படியும். சோதனை முடிந்ததும் இலையை எறிந்துவிடாதீர்கள். 80° நீரில் ஊறிய இலை இன்னொரு முறைக்கும் தாங்கும்.